ஹாலோவீனுக்குப் போன பல்லுக்கொழுக்கட்டை

அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். இருபத்தெட்டு டிகிரி, மழைக்கு அறிகுறி இல்லை. எங்கள் தெருவின் முடிவில், இரண்டு எலும்புக்கூடுகளுக்கும் ஒரு சூனியக்காரிக்கும் நடுவில், கையில் கொழுக்கட்டைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்தில் என் மனைவி தவமணி. முகத்தில் சிரிப்பில்லை. 'பத்து நிமிசம். அதுக்கு மேல நான் நிக்கமாட்டன்' என்று சொல்லித்தான் வந்திருந்தாள்.

இந்த மாதத்தில் இங்கே பொழுதுபட ஏழு மணிக்கு மேலாகும்; வெயில் கண்ணைக் கூச வைத்தது. இந்த வெளிச்சத்தில் என்ன பேய்? நம் பேய்கள் இந்த நேரத்துக்கு வேலைக்கே வராது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு அலையும் பேய்களை சிட்னியில்தான் பார்க்கலாம்!

எழுபத்திரண்டு வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பென்டில் ஹில் ஃபிளாட்டை விட்டு, பிளாக்டவுனுக்கு அப்பால் இந்த வீட்டுக்கு வந்தோம். அங்கே மேல் மாடியிலும் தமிழ், கீழ் மாடியிலும் தமிழ். மரக்கறிப் பையோடு படியில் நின்று தவமணி மணிக்கணக்காகப் பேசுவாள். இங்கே தமிழர் ஒருவரும் இல்லை. அவளுக்கு ஆங்கிலம் விளங்கும். வாய் திறக்க வெட்கம். கேட்டுக்கு வெளியே காரில் மட்டும்தான் போவாள். நாள் முழுக்க அவள் பேச்சுக்கு ஒரே ஆள் நான். பிறகு மெல்ல மெல்ல என்னோடும் பேச்சு குறைந்தது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்... பயம் பிடித்தது.

மெல்பேர்னில் இருக்கும் மகள் மதிக்கும் அதே பயம். 'அப்பா, அம்மா இப்பிடியே இருந்தா வருத்தம் வந்து படுத்திடுவா. வீட்டை வித்திட்டு இஞ்ச வாங்கோ' என்று ஞாயிறுதோறும் சொல்வாள். எனக்கோ இன்னொரு தடவை வீடு மாறும் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் தபால் பெட்டியில் ஒரு துண்டுத்தாள். பேய் வேடம் போடும் ஹாலோவீன் நாளுக்குத் தெரு முனையில் ஒரு மேசை. ஒவ்வொரு வீடும் கையால் செய்த பயங்கரப் பலகாரம் ஒன்று கொண்டுவர வேண்டும். பூசணிக்காயில் முகம் வெட்டலாம், பேய்க்கதை சொல்லலாம். மகளிடம் போனில் வாசித்துக் காட்டினேன். 'அம்மாவக் கூட்டிக்கொண்டு போங்கோ' என்றாள். அது கட்டளை.

'இஞ்சருங்கோ, பேய்ப் பலகாரத்துக்கு நான் எங்க போறது?' என்றாள் தவமணி.

'நீ கிண்டுற கறுப்புத் தொதலைக் கண்டாலே பேய் ஓடும்.'

முறைத்தாள். மா டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, 'பல்லுக்கொழுக்கட்டைக்குப் பல்லிருக்கு' என்றாள்.

தெரியாதவர்களுக்காக: பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அவிக்கும் கொழுக்கட்டை இது. உள்ளே பயறும் சர்க்கரையும் வைத்துப் பிறைபோல மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளை, அதாவது சின்னத் துண்டுகளை, வரிசையாகக் குத்தினால் பல். பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி போட்டு, மேலே இருந்து கொழுக்கட்டையைச் சொரிவார்கள். பல் ஒழுங்காக முளைக்குமாம்.

பல்லுக்கு உறைய வைத்த துருவல் உதவாது. முழுத் தேங்காய் வேண்டும். இந்த நாட்டில் தேங்காய் வாங்குவது லொத்தர் சீட்டு வாங்குவது போல. நாலு வாங்கினேன் — இரண்டு அழுகல். மிச்சம் இரண்டையும் அளவெடுத்துச் சீராகச் சீவி வைத்தேன்.

'ஏன் எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டுறியள்? பேய் என்ன பல் டொக்டரிட்டப் போய் வந்ததோ?'

கோணல்மாணலாக வெட்டினேன். பூசணிக்காயில் முகம் வெட்டியதும் நானே. தோண்டி எடுத்ததை எறிய மனம் வராமல் கறி வைத்தோம். சிவப்பரிசி மாவில் கொழுக்கட்டை அவிந்து வந்தபோது, முப்பத்தாறு வாய்கள் என்னைப் பார்த்து இளித்தன.

மேசையில் தட்டை வைத்து, 'நிலக்கடலை இல்லை' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையும் வைத்தேன். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாதோ, யார் கண்டது? ஏழு வயதுச் சூனியக்காரி கிட்ட வந்தாள்.

'நிஜப் பல்லா?' என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

'போன வருஷம் இங்கே வந்த பிள்ளைகளுடையது.'

கண்கள் விரிந்தன. இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. 'போவம்' என்று தவமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் நாலு வீடு தள்ளியிருக்கும் லெபனான் குடும்பம் வந்தது. மாமியார், மருமகள், மருமகளின் இடுப்பில் பூசணிக்காய் உடுப்புப் போட்ட குழந்தை. குழந்தை சிரித்தது. கீழே ஒரே ஒரு பல்.

'ஐயோ, பல்லு முளைச்சிட்டுது!' என்றாள் தவமணி.

அடுத்துச் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. மேசையில் இருந்த பேப்பர் நாப்கினை எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டாள். மூன்று கொழுக்கட்டையை அள்ளினாள். கொட்டிவிட்டாள்.

தாயின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு எலும்புக்கூடு போனை எடுத்தது. பொலிஸ், கோர்ட், மொழிபெயர்ப்பாளர்... என் மனம் அதுவரை ஓடிவிட்டது. தவமணி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இவள் கேட்டருகேகூட வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மாமியார் சிரிக்கத் தொடங்கினார். குழந்தையின் பல்லைத் தொட்டார். கொழுக்கட்டையின் பல்லைத் தொட்டார். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: அவர்கள் ஊரிலும் முதல் பல்லுக்குக் கோதுமை அவித்து, சீனி போட்டு, அயலுக்கெல்லாம் கொடுப்பார்களாம். இங்கே யார் வந்து சாப்பிடுவார்கள் என்று இந்தப் பிள்ளைக்குச் செய்யாமலே விட்டுவிட்டாராம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

'சேம்! சேம்!' என்றாள் தவமணி. இந்தத் தெருவில் அவள் பேசிய முதல் ஆங்கிலம்.

பிறகு அவள் தமிழிலும், அவர் அரபியிலும், இருவரும் கையாலும். சூனியக்காரி தொப்பியைக் கழற்றி, 'எனக்கும்!' என்று தலையை நீட்டினாள். பின்னால் ஒரு வரிசையே நின்றது. சாப்பிட்டது பாதி, தலையில் விழுந்தது பாதி — தட்டு காலி. பத்து நிமிடத்துக்கு வந்தவளை எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தது.

பாஷை இல்லாததால் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். உண்மையில் பேச ஒரு விஷயம்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது.

ஞாயிறு காலை மகள் அழைத்தாள். 'அம்மா எங்க?'

'அந்த லெபனான் மனுசியோட நடக்கப் போயிட்டா.'

'நடந்தோ? காரில இல்லையோ?' என்று இரண்டு தரம் கேட்டாள். வீடு விற்கும் பேச்சை அன்று எடுக்கவேயில்லை.

மொத்தச் செலவு: தேங்காய், பூசணிக்காய், மா, பயறு, சர்க்கரை எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு டாலர் அறுபது சதம் — காலைத் தேத்தண்ணியை இப்போது நானே போட்டுக் குடிப்பது தனிக் கணக்கு.