ஏணிக்காரரின் இரண்டு மாத்திரைகள்

ஏணிக்காரர் கடை எது என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், குழாய் மூடி, பெயின்ட் என்று வீடு கட்டுகிறவனுக்கும் இடிக்கிறவனுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. கடையின் அகலம் எட்டடிதான். உயரம் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரைக்கும் இருநூற்றுப் பத்து மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே இருக்கும் சரக்கில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எழுதவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம். வந்தவர் விரலை நீட்டினால் போதும், சக்கரம் வைத்த ஏணியை உருட்டிக்கொண்டு அவர் ஏறிவிடுவார். பதினோரு படி. ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஏறும் வேகத்தைப் பார்த்து, மனுஷன் போன பிறவியில் அணிலாக இருந்திருப்பார் என்பான் தினமும் கடைக்கு வந்துபோகும் பிளம்பர்.

கீழே கல்லாவில் அவர் மனைவி. அவர் மேலிருந்து பொட்டலத்தைப் போடுவார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மடியில் ஏந்துவாள். முப்பது வருடத்தில் ஒரு பொட்டலமும் தரையைப் பார்த்ததில்லை. அவர்கள் இருவரும் வாய்விட்டு அன்பு பாராட்டி யாரும் கேட்டதில்லை. அந்தப் பொட்டலங்களே போதுமானதாக இருந்தன.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, அடைத்திருந்த ரத்தக்குழாயை விரித்து உள்ளே சின்னக் கம்பிக் குழாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். ஊருக்கெல்லாம் குழாய் விற்றவருக்கே குழாய் போட வேண்டியதாயிற்று என்று பிளம்பர் சொன்னபோது, கட்டிலில் படுத்திருந்தவரே முதலில் சிரித்தார். கூடவே ஒரு மாத்திரைப் பட்டியல் வந்தது. அதில் வெள்ளை மாத்திரை ஒன்று. இதயத்துக்கு நல்லது, விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு ரோஸ் மாத்திரை இருந்தது. கொழுப்புக்காக இரண்டு வருடத்துக்கு முன் தெரு முனை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. புதியது வந்ததும் பழையதை நிறுத்தலாமா என்று கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவேயில்லை. வளைந்த ஆணியையும் நிமிர்த்தி வைத்துக்கொள்கிற குடும்பம் அது. புதுச் சரக்கு வந்தால் பழையதை எறிகிற வழக்கம் அங்கே கிடையாது. இடம்தான் ஒதுக்குவார்கள்.

மனைவி இடம் ஒதுக்கினாள். கால் கோணியதால் விலை போகாமல் கிடந்த பன்னிரண்டு அறைக் குட்டிப் பெட்டி ஒன்றைச் சமையலறை மேடையில் வைத்தாள். மாத்திரை அட்டைகள் அதில் அடங்கவில்லை. எனவே எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொன்றாகக் கொட்டினாள். கடை முறைப்படி முகப்பில் ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டினாள். வெற்று அட்டைகள் குப்பைக்குப் போயின. அந்த வீட்டிலிருந்து குப்பைக்குப் போன பொருள்கள் மிகக் கொஞ்சம். அதில் பெயர் எழுதியிருந்த அட்டைகளும் சேர்ந்ததுதான் விதி.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளை, ஒரு ரோஸ். உள்ளங்கையில் வைத்து அவள் நீட்டுவாள், அவர் வாயில் போட்டுக்கொள்வார். வெள்ளையை ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலும் ரோஸை எதிர்வரிசைக் கடையிலுமாக மாதாமாதம் அவரே வாங்கி வந்தார்.

இரண்டாம் மாதம் வலி தொடங்கியது. முதலில் தொடைகள். பிறகு கெண்டைக்கால்கள். பிறகு இரண்டு தோள்களும். யாரோ இரவெல்லாம் அடித்துத் துவைத்துக் காயப்போட்டதுபோல் காலையில் எழுந்திருப்பார். நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடியை அழுத்த வேண்டியிருந்தது. தலை வாரச் சீப்பைத் தூக்கினால் கை பாதி வழியில் நின்றது. வயது வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு நாள் அவள் நின்ற நிற்பு அவர் கண்ணிலேயே இருந்தது.

மறைக்கிற வித்தையில் அவர் இறங்கினார். தைலத்தைக் கடைக்குப் பின்னால் நின்று தேய்த்துக்கொண்டு, வாடை வந்தால் பெயின்ட் கலக்கும் தின்னர் டப்பா கசிகிறது என்றார். அடிக்கடி கேட்கும் சரக்கைக் கீழ் வரிசைக்கு மாற்றினார். மேல் வரிசைக்கு நீளக் கம்பு ஒன்றில் கொக்கி மாட்டி இழுத்தார். ஒரு நாள் கொக்கியோடு இழுப்பறையே கழன்று வந்து இருநூறு வாஷர்கள் அவர் தலையில் மழையாகப் பெய்தன. பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தே வியாபாரம் செய்தார்.

ஒரு மதியம் மனைவி வீட்டுக்குப் போயிருந்த நேரம், பிளம்பர் வந்து ஆறாம் வரிசையிலிருந்து ஒரு குழாய் இணைப்பான் கேட்டான். வேறு வழியில்லாமல் ஏறினார். நான்காம் படியில் தொடைகள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு பல்லிபோல் ஒட்டி நின்றார். கடைசியில் பிளம்பர்தான் இடுப்பைப் பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்கினான். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி செல்போன் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை; அக்காள் புருஷன் விட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று நெடுநாளாகக் காத்திருந்தவன். இழுப்பறைச் சுவரைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி போடப் போவதாகச் சொன்னான். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

மனைவி ஏன் என்று கேட்டாள்.

"ஏறி எறங்கி, ஏறி எறங்கி... சலிச்சுப் போச்சும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அணிலாய் ஏறிக்கொண்டிருந்த மனிதர் நாலு மாதமாக வாளியில் குந்திக் கிடப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சலித்தது ஏணியா, அதன் அடியில் முப்பது வருடம் மடியை ஏந்தி நின்றவளா? ஆணிப் பெட்டிக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளை, ரோஸ் இரண்டுமே தீர்ந்திருப்பதைச் சனிக்கிழமை காலை அவள் பார்த்தாள். எப்போதும் வாங்கி வரும் அவர், தனக்குக் கணக்கெடுப்பு வேலை இருக்கிறது, நீயே போய்விட்டு வா என்றார். எதிர்வரிசைக்கு நடந்து போகக் கால் வராது என்பதைச் சொல்லவில்லை. அவள் பெட்டியின் இரண்டு அறைகளையும் உருவி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எதிர்வரிசை மருந்துக்கடை மேசையில் இரண்டு குட்டி இழுப்பறைகளையும் வைத்து, முகப்பில் ஒட்டியிருந்த மாத்திரைகளைக் காட்டி, இதே மாதிரி முப்பது, அதே மாதிரி முப்பது என்றாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா, உங்க கடையில நான் உடைஞ்ச திருகைக் கொண்டாந்தா நீங்க ஜோடி எடுத்துக் குடுப்பீங்க. இது திருகு இல்லக்கா. சீட்டு இருக்கா?"

எதையும் எறியாதவளிடம் சீட்டு இல்லாமலா போகும்? பையின் அடியிலிருந்து இரண்டு டாக்டர்களின் சீட்டுகளும் வந்தன. அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டும் ஒரே மருந்துக்கா. கம்பெனி வேற, பேரு வேற, கலரு வேற. உள்ள இருக்கிறது ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில அளவைக் கூட்டி எழுதியிருக்காங்க. அதோட பழசையும் சேத்தா குடுக்கிறீங்க?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவருக்குக் கை கால் சதையெல்லாம் வலிக்கிறதா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும், அளவு கூடினால் இன்னும் கூடுதலாகச் செய்யும் என்றார்.

"வலியா? அவருக்கு வலியெல்லாம் இல்லீங்க. சலிப்புதான்" என்றாள் அவள்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிளாஸ்திரி வாங்க வந்து நின்ற பிளம்பர்.

"அக்கா, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் பாத்துக்கணும்" என்று தொடங்கி, நான்காம் படியில் பல்லியாக ஒட்டியிருந்த கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

அவள் அந்த மேசையிலேயே கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் கையால் நானே கொடுத்திருக்கிறேனே என்பதற்கு அழுகை. சலித்தது நான் இல்லை என்பதற்குச் சிரிப்பு. இரண்டையும் பிரித்துத் தனித்தனி அறையில் போட அவளாலேயே முடியவில்லை.

அரை மணி நேரத்தில் ஏணிக்காரர் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தானாக வரவில்லை, பிளம்பரும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போனதா என்று கேட்டார். நாற்காலியில் கை வைக்காமல் எழச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். மாலையில் முடிவு வந்தது. தசை சிதைந்திருப்பது ரத்த அளவில் தெரிந்தது; அந்தக் கழிவு போய்த் தாக்கக்கூடிய சிறுநீரகம் பிழைத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, அந்த மருந்தை இப்போதைக்கு முழுக்க நிறுத்தச் சொன்னார். மற்ற மாத்திரைகள் தொடரட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், ஆறு வாரம் ஏணி கூடாது.

"அப்ப இனிமே கொழுப்பு மாத்திரையே வேண்டாம்தானே, டாக்டரம்மா?" என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

"நெஞ்சுல குழாய் வச்சிருக்கீங்கல்ல, அது அடைக்காம இருக்கணும்னா வேணும். வலி போகட்டும், வேற மருந்து, சின்ன அளவுல ஆரம்பிப்போம். வலிச்சா எங்கிட்ட சொல்லணும். தின்னர் டப்பாகிட்ட சொல்லக் கூடாது" என்றார் டாக்டரம்மா. தைலத்தின் கதையும் அதற்குள் அங்கே போயிருந்தது.

வெளியே வந்ததும் மனைவி நின்றுவிட்டாள். நானே உங்களை முடக்கிவிட்டேனே என்று அவள் விம்ம, அவர் வலிக்கும் கையைச் சிரமப்பட்டுத் தூக்கி அவள் தோளில் வைத்தார்.

"நீ குடுத்தது ஒண்ணுக்கு ரெண்டாத்தானே குடுத்த. கடையிலயும் அப்படிக் குடுத்திருந்தா எப்பவோ மூடியிருப்போம்" என்றார்.

திங்கட்கிழமை மைத்துனன் புதுச் சட்டையோடும் ஒப்பந்தக் காகிதத்தோடும் வந்தான். ஆறு வாரத்தில் கால் திரும்புமா என்பது யாருக்கும் தெரியாது. ஏணிக்காரரோ வாக்குக் கொடுத்துவிட்டவர்; பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். மனைவி அந்தக் காகிதத்தை வாங்கினாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல் முறையாக ஏணியில் கால் வைத்தாள். பிளம்பர் கீழே பிடித்துக்கொள்ள, பதினோரு படியும் ஏறி, யாரும் எப்போதும் எதையும் கேட்காத கடைசி வரிசை இழுப்பறையில் அதைப் போட்டு மூடிவிட்டு இறங்கினாள்.

"தம்பி, வாக்குன்னா வாக்குதான். ஆறு வாரம் கழிச்சு உங்க மாமாவே ஏறிப் போயி அதை எடுத்துக் குடுப்பாரு. அன்னைக்கே கையெழுத்து."

மைத்துனன் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். தெருக்கோடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"ஏன்க்கா, மாமா ஏறிட்டாருன்னா அப்புறம் கடையை எதுக்கு விடணும்?"

"ஆமால்ல" என்றாள் அக்காள்.

"ஏற முடியலன்னா?"

"அப்ப நீயே ஏறி எடுத்துக்க. உனக்கு இல்லாத கடையா?" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது.

அந்த ஆறு வாரமும் அவர் கல்லாவில் உட்கார, அவள் ஏறினாள். மேலிருந்து அவள் போட்ட முதல் பொட்டலம் அவர் மடியைத் தாண்டி வாடிக்கையாளரின் காலில் விழுந்தது. மூன்றாம் வாரம் அவர் தலையை முழுக்க வாரினார். நான்காம் வாரம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, எழுந்ததை நம்பாமல் உட்கார்ந்து மறுபடி எழுந்தார். ஐந்தாம் வாரம் புது மாத்திரை வந்தது, சின்னது, மஞ்சள். இம்முறை அட்டையோடு, பெயர் வெளியே தெரிய, தட்டு ஒன்றில் வைத்தாள். கோணல் பெட்டி ஊசி நூல் வைக்கப் போயிற்று.

ஆறு வாரம் கழிந்த மறுநாள் டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். காலையில் கடையில் மைத்துனன், பிளம்பர், மருந்துக்கடைக்காரர் மூவரும் காரணம் சொல்லாமல் வந்து நின்றார்கள். ஏணிக்காரர் ஏறினார். நான்காம் படியில் ஒரு கணம் நின்றார். கீழே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியின் காலைப் பற்றியிருந்தாள். தொடையில் லேசாக ஓர் இழுப்பு, அவ்வளவுதான். அணில் வேகம் இல்லை. ஆனாலும் ஐந்து, ஆறு, ஏழு என்று பதினொன்றும் ஏறி, கடைசி வரிசையை இழுத்து, காகிதத்தை எடுத்தார்.

அதே நேரம் வாசலில் தச்சர் ஒருவர் வந்து கால் கிலோ இரண்டு அங்குல ஆணி கேட்டார். ஏணிக்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"மடிச்சுக் குடுங்க மாமா. கெட்டிக் காகிதம், கிழியாது" என்றான்.

அவர் இறங்கவில்லை. இரண்டு படி கீழே வந்து, பக்கத்து இழுப்பறையிலிருந்து கைக்கணக்காக ஆணியை அள்ளி, ஒப்பந்தத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் போட்டு முனையை மடித்தார். மனைவி ஏணிக் காலை விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கல்லாவைப் பார்த்தபடியே, நிமிராமல், மடியை ஏந்தினாள்.

பொட்டலம் சரியாக வந்து விழுந்தது.