ரோட்டைப் பார்த்த கடை

பாகம் பிரித்த அன்று என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, பின்கடைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. முகத்தில் துளி சுணக்கம் இல்லை. புதுக்கோட்டை டவுனில் மாமனார் விட்டுப்போனவை முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு கடைகள். ஒன்று மெயின் ரோட்டைப் பார்த்தது. மற்றது ஆளரவமில்லாத பின்தெருவைப் பார்த்தது. மூத்தவர் முதலில் எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். என் கணவர் வாயைத் திறக்கும் முன்பே, ரோட்டுக் கடை என்று நான் சொல்லிவிட்டேன்.

சில வருடங்கள் ராணி போலத்தான் இருந்தேன். ரோட்டுக் கடை என்ற பேருக்கே ஆட்கள் அட்வான்ஸோடு வந்தார்கள். அவளோ சும்மா கிடந்த கடைக்குக் கொத்தனாரைக் கூட்டிவந்து கழிவறை கட்டினாள். "கக்கூஸ் கட்டவா மாமா கடைய விட்டுட்டுப் போனாரு?" என்று சிரித்தேன். "வேலைக்கு வர்ற பொம்பளப் பிள்ளைக எங்கிட்டுக்கா போகும்?" என்றாள்.

பிறகு ரோட்டின் நடுவே தடுப்பு வைத்தார்கள். எதிர்ச்சாரியில் வருபவர்கள் என் கடையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். திரும்பி வர வழியில்லை. வண்டி நிறுத்தினால் அபராதம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் கடை பள்ளத்துக்குப் போய்விட்டது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்தது. அதே சமயம் பின்தெருவில் அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று திறந்தது. குளத்தூர், விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கினார்கள்.

என் கடையில் ஜவுளி வியாபாரம் செய்தவர் ஒருநாள் சாவியை நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. பின்தெருக் கடைக்குப் போறேன். வாடகை கூடத்தான். ஆனா நம்ம கடையில வேலை பாக்குற பிள்ளைக இத்தனை நாளும் அங்கிட்டுத்தான் ஒதுங்கப் போச்சுக."

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அவள் புதுச் சேலை கட்டினாலும் எரிந்தது, பழசைக் கட்டினாலும் எரிந்தது. என் கடை பூட்டியே கிடந்தது. வீட்டுக்காரரின் மருந்துச் செலவுக்கு அந்த வாடகையைத்தான் நம்பியிருந்தேன்.

போன ஆடியில் அவளே வந்தாள். "நடுச்சுவத்த ஒடைச்சு ஒண்ணாக்கி விடுவமாக்கா? ஜவுளிக்காரருக்குக் குடோன் வேணுமாம். மொத்த வாடகையில ஆளுக்குப் பாதி." பள்ளத்துக் குடோனுக்கு யாரும் பாதி தரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சரி என்றேன்.

வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்க ஷட்டரை ஒட்டி உள்ளே முட்டளவுக்குச் செங்கல் வைத்துப் பூசி, அதன் பின்னால் துணி மூட்டைகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் எப்பத் தெறப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குக்கா தெறக்கணும்? சரக்கு நனைஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

இப்போது மாதம் பிறந்ததும் அவளே வந்து என் பாதியைக் கையில் கொடுத்துவிட்டு, காபி குடித்து, என் கால்வலியை விசாரித்துவிட்டுப் போகிறாள். ஒரு மாதமாவது குறைத்துக் கொடுக்கமாட்டாளா, வாய் நிறையச் சண்டை போடலாம் என்று காத்திருக்கிறேன். பாவி, ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை.