நாற்பதடி தூரத்து மவுஸ்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால்கூட கையை மட்டும் தூக்குவேன், வாய் திறக்க மாட்டேன். அதனால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயர் இல்லாத மவுஸ் எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும், எதனால் செய்யாமல் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட கதையைத்தான் எழுதுகிறேன்.

நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். மடுவத்துக்கு நன்கொடையாக வந்த பழைய கம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் உயரம், நிறை எல்லாம் அதில் பதிந்து பதிந்து பழகிக்கொண்டேன்.

போன வருட மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வெடிப்பு விழுந்தது. அதற்குக் கீழே ஒரே கூரையில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, அதுதான் லயம். ஒன்று என் வீடு. வெடிப்புக்குள் குடையை இறக்கினால் பிடி மட்டும்தான் வெளியே நிற்கும். அப்படி இறக்கி வைத்து நானே போனில் படம் எடுத்தேன்.

மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் கூட்டம் போடும் தோட்டத்து ஹோலுக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். எந்தெந்த லயத்தை நேரில் வந்து பரிசோதிப்பது என்று அங்கே வைத்தே முடிவு செய்வார்களாம். எங்கள் லயத்துக்குப் பத்து நிமிடம். ஆபீஸ் கிளாக்கர் சிங்களத்தில் பேசுவார், நான் சுவரில் படம் காட்ட வேண்டும். அந்தக் குடைப் படத்தை அவர்கள் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் பன்னிரண்டு வீடும் நினைத்தது.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே மடுவத்துக் கம்பியூட்டரையும் ஒரு புரொஜெக்டரையும் முன்வரிசைக்குப் பக்கத்து மேசையில் வைத்தார்கள். நான் பக்கத்தில் கதிரையை இழுத்தேன். கிளாக்கர் தடுத்தார்.

"இங்க வேணாம். மனேஜர் துரையும் அதிகாரி மாத்தயாமாரும் இருக்கிற இடம். நீங்க பின்னுக்கு கதவுகிட்ட இருந்து அமத்துங்க. அதுதான் வயர் இல்லாத மவுஸ் இருக்கே."

"சரிங்க" என்றேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கதவிலிருந்து மேசைக்கு நாற்பதடி. பின்னால் போய் அழுத்திப் பார்த்தேன். அம்பு ஒரு இடத்தில் நின்றது, பிறகு துள்ளியது, பிறகு அசையவே இல்லை. மறுநாள் நிவித்திகலைக்கு பஸ் ஏறினேன். அங்கே கம்பியூட்டர் சாமான் விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டியில பதினஞ்சு மீட்டர்னு போட்டிருப்பான் தங்கச்சி. அது வெட்டவெளியில. ரிசீவர எங்க குத்தியிருக்கீங்க?"

ரிசீவர் என்பது மவுஸோடு வரும் நகத்தளவு துண்டு. மவுஸ் பேசுவது அதனோடுதான்.

"கம்பியூட்டருக்குப் பின்னுக்கு."

"அதான். இரும்புப் பெட்டிக்குப் பின்னால போட்டா எப்படி கேக்கும்? நீல நிற யுஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்துலயும் குத்த வேணாம், அதுவும் இதக் குழப்பும். இந்த நீட்டு வயர வாங்கிட்டுப் போய், அதோட முனையில ரிசீவர குத்தி, வெளியில எடுத்து உசரத்துல கட்டுங்க. ஆக்கள் தலைக்கு மேல நிக்கணும். மனுச உடம்பு முழுக்க தண்ணி, சிக்னல குடிச்சிரும்." பிறகு கேட்டார்: "சரி, ஏன் நாப்பதடி? பக்கத்துல இருந்து அமத்த ஏலாதா?"

நான் காசை எண்ணிக் கொடுத்தேன். புது பேட்டரியும் வயரும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஹோல் மேசையில் வைத்த பூச்சாடிக்குள் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, அதன் உச்சியில் வயரைக் கட்டி ரிசீவரை மாட்டினேன். கதவடியில் நின்று அழுத்தினேன். படம் மாறியது. வெளியே வாசற்படியில் நின்று அழுத்தினேன், அப்போதும் மாறியது. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"அடியே, லயத்துல படுத்துகிட்டே அமத்தலாம் போல இருக்கே. இம்புட்டுப் பாடுபடுறதுக்கு ஒரு கதிரைய முன்னுக்குப் போட்டா முடிஞ்சு போச்சு."

கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை. நனைந்த சனம் ஹோல் நிறைய வந்து, இடம் போதாமல் எனக்கு முன்னால் மூன்று வரிசையாக நின்றது. எட்டிப் பார்த்தால் மேசையில் என் குச்சி இல்லை. அதே இடத்தில் பெரிய பித்தளைக் குத்துவிளக்கு நின்றது. போய்க் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் துரை வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நின்றோம்.

கிளாக்கர் பேசத் தொடங்கினார். முதலில் வரவேற்புப் படம். அடுத்தது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த எங்கள் லயத்தின் முன்பக்கம், வாசலில் செவ்வந்திப் பூ. முதலில் நல்லதைக் காட்டுவோம் என்று அவர்தான் அதைச் சேர்க்கச் சொன்னார். நான் அழுத்தினேன், அது வந்தது. அடுத்து வர வேண்டியது குடைப் படம். மறுபடி அழுத்தினேன். வரவில்லை. கையை உயர்த்தி அழுத்தினேன். கதிரையில் ஏறி அழுத்தினேன். வரவில்லை.

பெரிய அதிகாரி சுவரைப் பார்த்து, "லஸ்ஸனய்" என்றார். அழகாக இருக்கிறதாம். முன்வரிசை சிரித்தது.

பக்கத்து வீட்டுக்காரி என் முதுகில் குத்தினாள். "போடி முன்னுக்கு! போய்ச் சொல்லுடி! ஒனக்குத்தான் சிங்களம் வருமே!"

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் நான் போகவில்லை. துரைக்கு முன்னால், அத்தனை கண்ணுக்கு முன்னால் அந்த நாற்பதடியை நடக்க என்னால் முடியவில்லை. மவுஸையே அழுத்திக்கொண்டிருந்தேன். மேட்டில் வெடிப்பு இருப்பதாகக் கிளாக்கர் ஒரு வரி சொன்னார். அதிகாரி தலையாட்டி ஏதோ எழுதினார். நேரம் முடிந்தது.

துரையும் சனமும் போன பிறகு தேடினேன். ரிசீவர் விளக்குக்குப் பின்னால், கம்பியூட்டர் பெட்டியோடு ஒட்டி, மேசைத் துணிக்கு அடியில் கிடந்தது.

"அந்தக் குச்சி அசிங்கமா இருந்திச்சு, அதான் எடுத்து வச்சேன்" என்றார் கிளாக்கர். "அதுக்கும் இதுக்கும் என்ன? உங்களுக்கு இத ஒழுங்காச் செய்யத் தெரியலன்னு முன்னுக்கே சொல்லியிருக்கலாமே."

அதற்கும் "சரிங்க" என்றுதான் சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. குச்சியை எடுத்தது அவர். நடக்காமல் நின்றது நான். லயத்துச் சனம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அடுத்த நாள் பத்து மணிக்கு, பரிசோதிக்கப் போகும் லயங்களின் பட்டியலை ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில் இரண்டு லயம் இருந்தது. எங்கள் லயம் இல்லை.