தாய்மாமன் படம் போட்ட ஃப்ளெக்ஸ்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் கனகலட்சுமி அக்காவிடம், "பிள்ளைகளை ஹோம்ல விடப்போறேன்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. டீ கிடைக்காது, ஏச்சுதான் கிடைக்கும். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணாமல் அவர் ஓயமாட்டார். பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை போட்டிருக்கிற பாவத்துக்கு என்னையும் இழுத்துவிடுவார்.

தாய் தகப்பன் போனபிறகு அக்கா ஒரு ஹோமிலும் அவர் தங்கை இன்னொரு ஹோமிலும் வளர்ந்தார்கள். "சோறு நல்லாத்தான் போட்டாக கிரி. ஆனா இன்னைக்கும் என் தங்கச்சிய வாங்க, போங்கன்னுதான் பேச வருது" என்று ஒருநாள் சொன்னார். அதன்பிறகு அவர் கூப்பிட்டால் நான் மறுப்பதில்லை.

போன சித்திரையில், பூக்கட்டும் தமிழ்ச்செல்வி அக்கா கடையில் வந்து அழுதாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். விடியுமுன் வேலைக்கு வரவேண்டும் என்பதால் மகள் அஸ்வினியையும் சின்னவன் ஜெயபாண்டியையும் வீட்டில் பூட்டிவிட்டு வருவாள். அஸ்வினி தம்பிக்குப் பால் காய்ச்சப்போய்த் திரைச்சீலை தீப்பிடித்து, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு ஹோம், மகனுக்கு வேறொன்று என்று பேசி வைத்திருந்தாள். வைகாசி பிறந்ததும் கொண்டுபோய் விடவேண்டும்.

"கூடப்பொறந்தவுக யாரும் இல்லையா?"

"திருநகர்ல அண்ணன் இருக்காரு. அவரு பேச்சை மீறிக் கட்டிக்கிட்டேன். இப்பப் போய் நின்னா, 'நான் அப்பவே சொன்னேன்ல'ம்பாரு. போகமாட்டேன்க்கா."

அக்கா வாதாடவில்லை. "பிள்ளைகளுக்குக் காது குத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"மடியில வைக்க மாமன் வேணுமேக்கா."

அடுத்த நிமிஷம் அக்கா என் கடையில் நின்றார். தமிழ்ச்செல்வி போனில் இருந்த அண்ணனின் பழைய படம் ஒன்றைக் கொடுத்து, 'மருமக்கள் காதணி விழாவுக்குத் தாய்மாமன் விருமாண்டி அன்புடன் அழைக்கிறார், இடம் பாண்டி கோயில்' என்று பெரிதாக அடிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல் பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்தினேன். திருநகரில் அவர் தெருமுனையிலேயே கட்டிவிட்டு வந்தோம்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எல்லா ஃப்ளெக்ஸிலும் போடுவதுபோல் இதன் ஓரத்திலும் என் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருந்தேன். மறுநாளே விருமாண்டி, கழற்றிய ஃப்ளெக்ஸைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எவனைக் கேட்டுடா என் படத்தைப் போட்ட? தெருவே துக்கம் கேக்குற மாதிரி விசேஷம் கேக்குது."

நான் அக்கா கடைப் பக்கம் கை காட்டினேன். அக்கா டீயோடு வந்தார். "தப்புத்தாண்ணே, விடுங்க. எங்க டீ மாஸ்டர் கருத்தக்கண்ணன் மடியில வச்சுக் குத்திக்கிறோம்."

ஒன்றும் தெரியாத கருத்தக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். விருமாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என் தங்கச்சி பிள்ளைக இவன் மடியிலயா?" என்றார். டீயை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைக பேரு என்னம்மா?"

பாண்டி கோயிலுக்கு அவர் கொட்டுமேளத்தோடு, வேன் நிறையச் சீரோடு, மனைவி முத்துத்தாயையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தங்கையிடம் பழசு எதையும் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான், தமிழ்ச்செல்வி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். காது குத்தும்போது ஜெயபாண்டி மாமன் கையைக் கடித்துவிட்டான். "எங்க வீட்டு ரத்தம்" என்று பல் பதிந்த கையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

பந்தியில் அஸ்வினி அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "மாமா, என் ஹோமுக்கு மொதல்ல வருவீகளா, தம்பி ஹோமுக்கு மொதல்ல வருவீகளா?"

விருமாண்டிக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனைவியைப் பார்த்தார். "மாடி சும்மாத்தான கெடக்கு" என்றார் முத்துத்தாய்.

"தாய்மாமன்னு ஊரறிய போர்டு வச்சாச்சு தாயி. இனி நீங்க வேற எங்கயாச்சும் இருந்தா, நான் எப்படித் தெருவுல தலைகாட்டுறது?" என்றார் விருமாண்டி. வந்த வேனிலேயே எல்லோரும் திருநகர் போனார்கள். இப்போது தமிழ்ச்செல்வி வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் அத்தை பக்கத்தில் தூங்குகிறார்கள்.

வைகாசி பிறந்த அன்று அவள் டீக்கடையில் நிற்கையில் ஹோமிலிருந்து போன் வந்தது. பிள்ளையை எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"கொண்டுவர முடியாது சார். அவுக மாமா விடமாட்டேங்குறாரு" என்றாள், ஏதோ குறை சொல்வதுபோல. போனை வைத்தபிறகும், அக்காவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். "மாமா விடமாட்டேங்குறாருக்கா."