அவர்கள் கை நனைத்தார்கள்

என் தங்கையைப் பெண் பார்க்கிறோம் என்றவர்கள், வீட்டுக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கேசரி, பஜ்ஜி வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கிறதெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள் என்று பையனின் அம்மா ஃபோனில் கேட்டார். அவர் மகள் ஒரு ஓட்டல் சொல்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே வந்துவிட வேண்டுமாம்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். கண்ணாடிக் கதவைக் கண்டால் இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் வேறு யாராவது வரும்வரை நிற்கிற ஆள். பதினோரு மணி என்றால் அது டிபனா சாப்பாடா என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனால் அங்கே சாப்பிட முடியாது. சாப்பிடாமல் போய் அவர்கள் வெறும் காபியோடு எழுந்துவிட்டால் மயக்கம் வரும். கடைசியில் பாதி இட்லி தின்றுவிட்டுப் போனேன்.

அம்மாவை நான் கூட்டிப் போகவில்லை. எங்கள் அப்பா குண்டலுபேட்டையில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். அப்பா எங்கே என்று யாராவது வாயைத் திறந்தால் அம்மா அங்கேயே அழுதுவிடுவாள். என் வீட்டுக்காரரையும் வேண்டாம் என்று நிறுத்தினேன், அவர் ஓட்டல் என்றால் சப்ளையரைக் கைதட்டிக் கூப்பிடுவார். ஆக, பெண் வீட்டுப் பெரிய மனுஷியாக நான் ஒருத்திதான் போனேன்.

தங்கை படித்தவள், பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. முப்பதைத் தாண்டிவிட்டாள். முன்பு வந்தவர்கள் எல்லாம் காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். இதுதான் கடைசி, இனி யார் முன்னாலும் உடுத்திக்கொண்டு உட்கார மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தரகர் கொண்டுவந்த இந்த இடமும் போனால் அவளுக்குக் கல்யாணமே இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எங்களுக்குக் கொள்ளேகாலைத் தாண்டிக் கௌதள்ளிப் பக்கம், பிழைப்புக்கு மைசூர் வந்தவர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பையன் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், காபி குடிப்பார்கள், இனிப்பில் ஒரு கிள்ளு வாயில் போடுவார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று பொருள். பிடிக்கவில்லை என்றால் வயிறு காய்ந்து கிடந்தாலும், இன்னொரு நாள் ஆகட்டும் என்று எழுந்துவிடுவார்கள். வாயால் சொல்வதை மாற்றலாம், கை நனைத்ததை மாற்ற முடியாது என்பதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அதனால் நான் அவர்கள் வாயைவிடக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டல் ஒரு பழைய பங்களா. சுவரை இடித்துக் கண்ணாடி வைத்திருந்தார்கள். உள்ளே வெயில் கூசியது, தப்பித்து ஒதுங்க ஒரு மூலை நிழல்கூட இல்லை. வாசலில் ‘சதர்ன்’ என்று எழுதியிருந்ததாகத் தங்கை படித்துச் சொன்னாள். சரி, நம் பக்கத்துச் சாப்பாடுதான் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. உள்ளே போனால் அது அமெரிக்காவின் தெற்காம். நான் நினைத்ததைச் சொன்னதும் பையனின் அக்கா சிரித்த சிரிப்பில், பக்கத்து மேஜையில் யோகா கற்க வந்திருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் மூன்று பேர்: பையன், அவன் அம்மா, அக்கா. அம்மாவுக்கும் கொள்ளேகால் பக்கம்தான், ஆனால் மைசூரில் சொந்த வீடு கட்டிய பிறகு பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்டது. உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா குண்டல்பேட்டையில சௌக்கியமா இருக்காருங்களா? அங்க ரெண்டு பசங்களாமே."

நான் சௌக்கியம்தானுங்க என்றேன். வேறு என்ன சொல்வது? பையன் தலையைத் தூக்கவில்லை, படம் போட்ட மெனு அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனும் தங்கையும் அதற்கு முன் சில தடவை ஃபோனில் பேசியிருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது என்று தங்கை சொல்லியிருந்தாள். நேரில் அவன் அவளிடம் கேட்டது, ஐஸ் ஒத்துக்குமா என்பது மட்டும்தான்.

முதலில் குடிக்க வந்தது. அந்த ஓட்டலில் எதையும் டம்ளரில் தர மாட்டார்கள் போலிருக்கிறது. பையனுக்குக் கை அகலக் குளியல் தொட்டி ஒன்றில் நீலத் தண்ணீர், மேலே ரப்பர் வாத்து மிதந்தது. அவன் அக்காவுக்கு பல்புக்குள் ஊற்றி, புகை வர வைத்துக் கொடுத்தார்கள். அவன் அம்மா மோர் கேட்டார். அதைக்கூட அரிக்கேன் விளக்குக் கண்ணாடி மாதிரி ஒன்றில்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். தங்கைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பையனின் அக்காவே சொல்லி வைத்திருந்தாள். வந்தது ஒரு ஃபீடிங் பாட்டில். ரப்பர் காம்போடு, உள்ளே ரோஸ் நிறப் பால்.

தங்கை அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்ட்ரா இருக்கிறதா என்று சப்ளையரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்ட்ரா போட்டா என்னடி ஃபன்? அப்படியே குடி, நான் வீடியோ எடுக்கறேன்" என்றாள் பையனின் அக்கா.

பையனின் அம்மா அதற்கு மேல் ஒன்று சொன்னார்.

"குடி கண்ணு. இந்த வயசுக்கு மேல கட்டிக்கிட்டுப் போற பொண்ணு, பாட்டிலையாவது இப்பவே பழகி வெச்சுக்க."

சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் பெண் வீட்டாருக்குத் திமிர் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தங்கை பாட்டிலைத் தூக்கி, பட்டுப்புடவைக் கொசுவத்தில் சிந்தாமல் ஒரு கையை அடியில் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடாமல் முழுவதும் குடித்தாள். பால் கெட்டியாக இருந்ததால் கன்னம் குழிந்து குழிந்து வந்தது. ஃபோன் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பையன் வாத்தை விரலால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு சாப்பாடு வந்தது. வறுத்த கோழி, அதன் கீழே கட்டம் போட்ட இனிப்பு தோசை மாதிரி ஒன்று, அதன் மேலே தேன். கோழி மேல் தேனா என்று நான் நினைப்பதற்குள் பையனின் அம்மா மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். சோள ரவையில் செய்த உப்புமா மாதிரி ஒன்றும் வந்தது, வெண்ணெய் மிதந்தது. பன் மாதிரி இருந்ததை பிஸ்கட் என்றார்கள். கோழியைப் பிடித்துச் சாப்பிட ஆளுக்கு ஒரு ஜோடி பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். எனக்கு அது கையில் ஏறவில்லை, வளையல் தடுத்தது. அவர்கள் மூவரும் பழகியவர்கள் போல மாட்டிக்கொண்டார்கள்.

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. பையனின் அம்மா முதல் துண்டை எடுத்தார். கிள்ளவில்லை, ருசி பார்க்கவில்லை. எலும்போடு பிடித்துக் கடித்தார். இரண்டாவது துண்டு எடுத்தார். உப்புமாவை ஸ்பூனால் வழித்தார். "சென்னாகிதெ" என்று மகளிடம் கன்னடத்தில் சொன்னார், நன்றாயிருக்கிறதாம். பையன் தன் தட்டை முடித்துவிட்டு அக்கா தட்டிலிருந்தும் எடுத்தான். அந்த அக்கா பன்னால் மிச்சத் தேனைத் துடைத்துத் தட்டை வெள்ளையாக்கினாள். இலை போட்டுப் பரிமாறியிருந்தால்கூட எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நல்ல காரியம் பேசுகிற நாளில் எங்கள் பக்கம் கறி தொட மாட்டார்கள். அதை வைத்தே, அவர்கள் அதை நல்ல காரியமாக நினைத்து வரவில்லை என்று புரிந்திருக்க வேண்டும். அப்போது நான் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். டவுனில் இருப்பவர்கள், நாள் கிழமை பார்க்க மாட்டார்கள் என்று. பயந்தவளுக்கு ஒரு நல்லது கண்ணில் பட்டால் அதை விட மனசு வராது.

அதற்குப் பிறகு நான் பையனின் அம்மாவை அத்தைங்க என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் மறுக்கவில்லை. "இன்னும் ரெண்டு பீஸ் சொல்லட்டுங்களா அத்தைங்க?" என்று கேட்டேன். "சொல்லு, சொல்லு" என்றார். மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் நல்ல மாதிரியாக எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பையனே ஃபோனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டான். அதையும் நல்ல மாதிரியாக எடுத்துக்கொண்டேன்.

கை கழுவுகிற இடத்துக்குப் போய் எங்கள் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து குழாயை மூடாமல், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, மெதுவாகச் சொன்னேன். "அம்மா, கை நனைச்சுட்டாங்க. மூணு பேரும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, நன்றாகச் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். தட்டு வெள்ளை என்றேன்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு வீட்டில் பால் பொங்கினால் எல்லா வீட்டுக்கும் தெரியும். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் அம்மா சாமி படத்துக்குப் பூப்போட்டு, கிண்ணத்தில் சர்க்கரை எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு, வீடு வீடாகப் போய்க் கையில் கொட்டியிருந்தாள். தங்கை படியேறும்போது எதிர் வீட்டுக்காரி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எதுக்கு என்று தங்கை என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். அவள் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவங்க சாப்பிட்டாங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னியா?"

கை நனைத்தார்கள் என்றேன். அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றினாள்.

சாயங்காலம் வரை ஃபோன் வரவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. தட்டு மாற்ற எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிற சாக்கில் நானே கூப்பிட்டேன். அம்மா கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டதுதான் என் போதாத காலம். தங்கை கதவோரம் நின்றிருந்தாள்.

நாள் என்ற வார்த்தையை எடுத்ததுமே பையனின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு நாள்? எம் பையனுக்குப் போன வாரமே வேற இடத்துல நிச்சயம் ஆய்த்தும்மா. தரகர் நச்சரிச்சாரு. எம் மகளுக்கு அந்தக் கடையப் பாக்கணும்னு ஆசை. டேபிள் வேற சொல்லி வெச்சிருந்தா. சும்மா பாத்துட்டு வந்துரலாம்னு வந்தோம்."

நான் விடவில்லை. "கை நனைச்சீங்களே அத்தைங்க" என்றேன்.

"எங்க காசுல நாங்க கோழி தின்னா அதுக்குப் பேரு கை நனைக்கறதா? உம் வீட்டுச் சோறா அது? ஓட்டல்ல தினமும் ஆயிரம் பேர் திங்கறான், அவனெல்லாம் உனக்கு சம்பந்தியா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அத்தைங்கறத முதல்ல விடு" என்றார். பின்னால் பையனின் அக்கா, அந்த பாட்டில் வீடியோவை அனுப்பட்டுமா என்று கேளும்மா என்று கன்னடத்தில் சொல்வது கேட்டது. ஃபோன் நின்றுவிட்டது.

அம்மா கையில் இன்னும் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. அவள் அதை வைப்பதற்கு இடம் தெரியாதவள் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். தரகர் சரியில்லை என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். தங்கை குறுக்கே வந்தாள்.

"பாட்டில் என் வாயில இருக்கறப்பவே எனக்குத் தெரியும். கட்டிக்கப் போற பொண்ண எவளும் அப்படிப் படம் பிடிக்க மாட்டா. உனக்கு அவங்க கைதான் தெரிஞ்சுது, எம் மூஞ்சி தெரியல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். லைன் வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர், தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம், பூவோடு வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரிதான் முன்னால். பெண்ணைக் கிழக்கு பார்த்து உட்கார வையுங்கள் என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அம்மா பாயை எடுத்து விரிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை பழைய நைட்டியோடு, துப்பட்டாகூடப் போடாமல், நடு வீட்டில் வந்து நின்றாள்.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க அக்கா. கோழி தின்னுட்டுப் போறதுக்கு வந்தாங்களாம்" என்றாள் எதிர் வீட்டுக்காரியிடம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல். "எங்கம்மா குடுத்த சர்க்கரைய இப்பத் துப்பவா முடியும்? முழுங்கிட்டுப் போங்க."

கடைசியாக வந்தவளுக்கு விஷயம் புரியவில்லை, குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டிக்கொண்டே நின்றாள். எதிர் வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். திரும்பிப் போகும்போது ஒவ்வொருத்தியும் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள், சாவு வீட்டில் தொடுவது போல. தங்கை கதவைச் சாத்தினாள். அம்மாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, மிச்சச் சர்க்கரையை டப்பாவில் கொட்டி, மூடியை இறுக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் உட்காரவில்லை. தரகர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் வாசலிலேயே, தண்ணீர்கூடக் கொடுக்காமல், அவளே அனுப்பிவிட்டாள்.