மணி அடித்தால் வருகிறவள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவைக் குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். அம்மா போனபிறகு அங்கே அவர் தனியாகத்தான் இருந்தார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், என் கணவர் ஒரு காலிங்பெல் வாங்கிவந்து, சுவிட்சை அப்பாவின் தலையணைப் பக்கம் வைத்தார். அழுத்தினால் அடுப்படியில் மணி ஒலிக்கும்.

முதல் வாரம் தண்ணீருக்கும் ஒன்றுக்குப் போவதற்கும் மட்டும் அடித்தார். பிறகு ஃபேனைக் குறைக்க, கூட்ட. ஒரு மாதத்தில் காரணமே இல்லாமல் அடித்தார்.

நான் திருவேங்கடம் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வருவார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே மணி தொடங்கிவிடும். மணிச் சத்தமும் அலுப்பும் சேர்ந்தே வந்து பழகியதில், கல்லூரியில் பீரியட் பெல் அடித்தால்கூட என் தோள்பட்டை இறுகியது. நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம்தான் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு பாடத்தையும் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். பலன் கிடைக்காத பழக்கம் மெல்ல ஓயும். அவருக்கு வேண்டியதெல்லாம் செய்துவிட்டு வந்து, மணியைக் கண்டுகொள்ளாமல் காய் நறுக்கினேன். மூன்று முறை அடித்தார். பத்து முறை. பிறகு விரலை எடுக்கவே இல்லை. ஓயும் முன் பழக்கம் ஒருமுறை உச்சத்துக்குப் போகும் என்பதும் பாடத்தில் உண்டுதான். ஆனால் பாடம் நடத்தும்போது அந்தச் சத்தம் இருக்காது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். சில நாள் தாக்குப்பிடித்தேன், சில நாள் ஓடினேன். எத்தனையாவது மணிக்கு வருவேன் என்று தெரியாததால் அவர் இன்னும் விடாமல் அடித்தார். அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஓடினால் சத்தம் நிற்கும் என்று என்னைப் பழக்கியது அவர்.

கடைசியில் ஒருநாள் கதவருகே நின்று கத்திவிட்டேன். “என்னப்பா வேணும் உங்களுக்கு? இப்பந்தான காப்பி குடுத்தேன்!”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒண்ணும் வேண்டாம். மணி அடிக்காட்டா நீ இங்கன எட்டிக்கூடப் பாக்க மாட்டங்கியே ஏட்டி.”

அவர் சும்மா இருந்தபோதெல்லாம், அப்பாடா என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பையை வைத்ததும் நேராக அவரிடம் போனேன். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கட்டிலோரம் கால்மணி நேரம். பேசப் பெரிதாக ஒன்றும் இருக்காது. கரிசக்காட்டுப் பக்கம் மழை பெய்ததா என்று கேட்பார். பஸ்ஸிலிருந்து பார்த்ததைச் சொல்வேன். சில நாள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவேன். எழுப்ப மாட்டார்.

மூன்று வாரத்தில் மணி குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தபின் அவரே அடுப்படிக்கு வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பாதித் தோலை அப்படியே விட்டுவிடுவார். நான் மறுபடி உரித்துக்கொள்வேன், அவர் எழுந்து போனபிறகு.