கண்ணாடிப் பெட்டிக்குள் போன ஸ்பேனர்

எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர் டைட்டஸ் அண்ணன் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து போன வருடம்வரை நான் கேட்டதில்லை. வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையில் அவருக்கு அடுத்த மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயப் பொடி ஏன் கட்டிதட்டியது, என் கொழுந்தனுக்கு ஏன் பெண் அமையவில்லை, எதைக் கேட்டாலும் பதில் உண்டு. பாதி தப்பாக இருக்கும். ஆனால் உடனே கிடைக்கும்.

சென்ற வருடம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது, ஓய்வு பெறும் வயது. மகள் ஃபீபி நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம். முதலாளி ரஷீத் அஹமது சாகிப் சொன்னார்: "ஆடிட்ல ஒரு குறைகூட வரலேன்னா, ஒரு வருஷம் நீட்டிப்பு. அடுத்த வருஷம் அப்போ பாக்கலாம்."

ஆடிட்டர் என்பவர் எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஆள். பெயர்ச் சீட்டு ஒட்டாத பொருளைப் பார்த்தால் குறை என்று எழுதிவிடுவார். அதற்குப் பயந்து சுவர்க் கடிகாரத்தின் கீழேகூட 'சுவர்க் கடிகாரம்' என்று ஒட்டியிருந்தோம். ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. ஸ்டோர் மூலையில் என் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய ஸ்பேனர். அதன் வாய்க்குள் ஒரு தேங்காயே நுழையும். விஷயம் தெரிந்த ஃபிட்டர் கன்னியப்பன், அம்மை போட்டு தன் ஊர் ஆலங்காயத்தில் படுத்திருந்தார்.

"இது என்ன?" என்றார் ஆடிட்டர்.

"ரயில் இஞ்சின் ஸ்பேனர் சார். வெள்ளைக்காரன் காலத்துது. ஜோலார்பேட்டை ஷெட்ல இருந்து வந்துது" என்றார் டைட்டஸ் அண்ணன் உடனே.

பழம்பொருளுக்குச் சீட்டு வேண்டாம் என்று ஆடிட்டர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். குறை ஒன்றும் இல்லை. சாகிப்புக்கு ஒரே குஷி. ஸ்பேனருக்கு வார்னிஷ் அடித்து, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஜோலார்பேட்டைக் கதைதான்.

மூன்றாவது வாரம், தோல் பதப்படுத்தும் நாலாம் டிரம் ஆட ஆரம்பித்தது. அச்சு நட்டு கழன்றிருந்தது. உள்ளே நானூறு தோல். டிரம் சுற்றாமல் நின்றால் எல்லாம் திட்டுத்திட்டாகக் கறைபட்டுவிடும். வேலைக்குத் திரும்பியிருந்த கன்னியப்பன் ஸ்டோருக்கு ஓடிவந்தார்.

"மூலையில இருந்த பெரிய ஸ்பேனர் எங்கண்ணா? இந்த நட்டுக்கு அதான் சேரும்."

டைட்டஸ் அண்ணன் முகம் வெளுத்தது. "சாணை புடிக்கக் குடுத்திருக்கேன்."

"ஸ்பேனருக்கு இன்னாத்துக்குண்ணா சாணை?"

அண்ணன் எழுந்து நேராக வரவேற்பறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் மனுஷன். கெட்டுப்போவது அவர் வீட்டுத் தோலா?

"சாகிப், அது ரயில் சாமான் இல்ல. நம்ம டிரம் ஸ்பேனர். அன்னிக்கு எனக்குத் தெரியல, வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாகிப் பெட்டியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"பேஜார்ல ஏதேதோ பேசறீங்க டைட்டஸ். அது ரயில் ஸ்பேனர்தான். நம்ம டிரம்முக்கும் சேருது, அவ்ளோதான். எடுத்துட்டுப் போங்க. கழுவிக் கொண்டாந்து வச்சிடணும்."

தோல் தப்பித்தது. நீட்டிப்பும் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் மழையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

இந்த வருடம் வேறொரு ஆடிட்டர் வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று அண்ணனைக் கேட்டார்: "இது எந்தக் காலத்துப் பொருள்?"

"தெரியாது சார்."

உண்மைதான் சொன்னார். ஆடிட்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார்: 'ஸ்டோர் பொறுப்பாளருக்குப் பொருள் அறிவு போதாது. பயிற்சி அளித்தால் குறை நீக்கப்படும்.'

பயிற்சி கொடுக்க சாகிப்பே வந்தார். ஃபீபிக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி; குறை நீங்கினால்தான் அடுத்த நீட்டிப்பு. டைட்டஸ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, சாகிப் சொல்லச் சொல்ல ஜோலார்பேட்டைக் கதையைத் திருப்பிச் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் தடுமாறியபோது, ஆண்டு தப்பு என்று சாகிப் திருத்தினார்.